கைவிட்டுப் போனவர்

ஸஹீதாவுக்குக் கோபம் மூக்கு நுனியில் என்பது ஏறாவூரில் அவளுடைய தெரு முழுக்கத் தெரிந்த விசயம். தெரிந்துகொண்டேதான் அவளைக் கிராமச் சிறுவர் குழுவில் போட்டார்களா என்றால் இல்லை. குழுவில் ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும் என்று மேலிடத்தில் சொல்லியிருந்தார்கள். கேட்ட பெண்கள் எல்லாரும் அடுப்பில் சோறு கிடக்கிறது, மாமி படுக்கையில் கிடக்கிறா என்று நழுவிவிட்டார்கள். தையல் கடை வைத்திருக்கும் ஸஹீதா மட்டும், சம்பளமில்லாவிட்டால் என்ன, நாலு பிள்ளைகளுக்கு நல்லது நடந்தால் போதும் என்று தலையாட்டினாள். அவர்களுக்கு வேண்டியிருந்தது அவளுடைய கையெழுத்து. வாயும் கூடவே வரும் என்று ஒருவரும் யோசிக்கவில்லை.

குழுவின் வேலை சின்ன வேலை இல்லை. எந்தப் பிள்ளை பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் நிற்கிறது, எந்த வீட்டில் அடி விழுகிறது, எந்தப் பிள்ளையைப் பார்க்க ஆளில்லை என்று விசாரித்து நன்னடத்தை அதிகாரியிடம் சொல்வது இவர்கள்தான். அதிகாரி நீதவானிடம் சொல்வார். நீதவானுக்கு ஏறாவூரின் சந்து ஒழுங்கையும் தெரியாது, ஒழுங்கைக்குள் இருக்கிறவனையும் தெரியாது. ஆகவே மாதம் ஒருமுறை வாசிகசாலையின் பின்னறையில் பிளேன்ரீ குடித்துக்கொண்டு இந்த ஏழெட்டுப் பேர் சொல்வதுதான் கடைசியில் ஒரு பிள்ளை எங்கே படுத்து எங்கே எழும்புவது என்பதைத் தீர்மானிக்கும்.

அன்றைக்குக் கூட்டத்தில் ஒரே ஒரு விசயம்தான். றுக்ஷானா என்ற பெண் டெங்குக் காய்ச்சலில் கண்மூடி மௌத்தாகிச் சில மாதங்கள். அவளுக்கு இரண்டு பெண் பிள்ளைகள். பெரியவள் நிஸ்றாவுக்குப் பதினொரு வயது. சின்னவள் ஸகியாவுக்கு இன்னும் பால்பல் விழத் தொடங்கவில்லை. இரண்டு பேரையும் வெளியூர்ச் சிறுவர் இல்லம் ஒன்றுக்கு அனுப்பிவிடும்படி அவர்களின் தாய்மாமன் சாலிஹ் கேட்டிருந்தார். பிள்ளைகளின் தகப்பன் ஸியாம் வாவியில் தோணி விட்டு மீன் பிடிக்கிறவன். அறிக்கையில் அவனுக்கு ஒரே ஒரு வரி ஒதுக்கியிருந்தார்கள். குழுத் தலைவர் இப்றாஹிம் ஹாஜியார், சொந்தப் புடவைக்கடையில் விலை சொல்லுகிற அதே மெதுவான குரலில் அதை வாசித்தார்: "தந்தை பிள்ளைகளைக் கைவிட்டுச் சென்றுள்ளார்."

ஸஹீதா தேநீர்க் கோப்பையைத் தட்டென்று மேசையில் வைத்தாள்.

ஸியாம் ஏன் போனான் என்பது அந்த அறையில் அவர்கள் உட்கார்ந்திருந்த கதிரைக்குக்கூடத் தெரியும். இந்தப் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. பெண் பிறந்தால் அத்திவாரமும் கூடவே பிறந்துவிடும். கலியாணம் முடித்த ஆண் உடுப்புப் பையோடு பெண்சாதியின் வீட்டுக்கு வந்து சேருவான். பெண்சாதி மௌத்தானால் அந்த வீட்டில் அவனுக்கு நிற்க நிலமில்லை. அதுவும் றுக்ஷானாவின் வீட்டில் அவளுடைய தங்கை ஸுஹைனா இருந்தாள், கலியாணம் முடிக்காதவள். வாப்பாவும் உம்மாவும் எப்போதோ போய்விட்ட பிள்ளை. அவள் இருக்கிற கூரைக்குக் கீழே பெண்சாதியில்லாத ஆண் ஒருவன் படுத்தெழும்பினால் ஊர் வாய் சும்மா இருக்குமா? இரண்டு பேருக்கும் கலியாணம் முடித்து வைத்துவிடலாம் என்று சிலர் கதை விட்டுப் பார்த்தார்கள். தூக்கி வளர்த்த பிள்ளையை எப்படி முடிப்பது என்று ஸியாம் காதைப் பொத்தினான். ஸுஹைனா அதைவிடக் கெதியாகப் பொத்தினாள். நாற்பதாம் நாள் கத்தம் ஓதி முடிந்த மறுநாள், மானமுள்ள ஆண் என்ன செய்வானோ அதைத்தான் அவன் செய்தான். வந்த மாதிரியே ஒரு பையோடு வெளியே போனான். அவனுடைய உம்மாவின் வீடு எப்போதோ தங்கச்சிக்குச் சீதனமாகப் போய்விட்டது. அங்கே அவர்களே இடுக்குப்பட்டுக் கிடந்தார்கள். வாவிக்கரையில் வலை வைக்கிற வாடியில் போய்ப் படுத்தான். பெண் பிள்ளைகளை அந்த ஓலை வாடிக்குக் கூட்டிப்போக அவனுக்கு மனம் வரவில்லை.

போகாமல் இருந்திருந்தால் அவனைக் கிழித்துத் தோரணம் கட்டியிருப்பார்கள். போனதற்கு மரியாதை தெரிந்தவன் என்று அன்றைக்கு மெச்சியவர்களும் இவர்கள்தான். இப்போது அதே வாயால் கைவிட்டுப் போனவன் என்கிறார்கள்.

இன்னொன்றும் எல்லாருக்கும் தெரியும், எல்லாருடைய வாயிலும் கொழுக்கட்டை. ஸுஹைனாவுக்கு மாப்பிள்ளை பேசியிருந்தது ஹாஜியாருடைய தங்கச்சியின் மகனை. சீதனம் அந்த வீடுதான். மாப்பிள்ளை வீட்டார் வந்து சுவரைத் தட்டிப் பார்த்து, கிணற்றை எட்டிப் பார்த்து, வீடு பிடித்திருக்கிறது, அதிலிருக்கிற இரண்டு பிள்ளைகள்தான் பிடிக்கவில்லை என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள்.

இந்த வரியை எழுதியது யார் என்று ஸஹீதா கேட்டாள். எல்லாரும் பேசித்தான் என்றார் ஓய்வுபெற்ற அதிபர், மேசையைப் பார்த்துக்கொண்டு. தான் எப்போது பேசினாள் என்று அவள் கேட்டாள். ஹாஜியார் சிரித்தார்.

"கோவப்படாதீங்க புள்ள. இல்லத்தில நேரத்துக்குச் சாப்பாடு, ஓதிக் குடுக்க ஆளிரிக்கி. எத்தீம் புள்ளைகளுக்கு இதவிட என்ன வேணும்?"

எத்தீம் என்றால் அநாதை. தகப்பன் உயிரோடு வாவியில் வலை இழுத்துக்கொண்டிருக்கிறான், பிள்ளைகள் அநாதைகளாம். ஸஹீதா பேனையைத் தொடவில்லை. ஒருவர் கையெழுத்துக் குறைந்தால் அதிகாரியே நேரில் வந்து விசாரிக்க வேண்டும் என்பது விதி. அடுத்த வாரம் அவர் வருவார் என்று சொல்லிக் கூட்டத்தைக் கலைத்தார்கள். பிளேன்ரீக் கோப்பையை எடுக்க வந்த ஆளிடமும் எரிந்து விழுந்துவிட்டுத்தான் அவள் வெளியே வந்தாள், பாவம், அந்த மனிசனுக்கு இதில் என்ன பங்கு.

மறுநாள் கடையைப் பூட்டிவிட்டு வாவிக்கரைக்குப் போனாள். ஸியாம் தோணியைக் கரையில் இழுத்துப் போட்டுவிட்டு, வலையில் சிக்கிய பாசியைப் பிய்த்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் ஒரு பையில் நல்ல பெரிய இறாலாகப் பொறுக்கித் தனியாக வைத்திருந்தான். அது யாருக்கு என்று கேட்டதற்கு, சின்னவளுக்கு இறாலென்றால் உயிர் என்று மட்டும் சொன்னான். அறிக்கையில் எழுதியிருந்ததை அவள் சொன்னபோது அவனுடைய கை நின்றது. பிறகு மறுபடியும் பாசியைப் பிய்க்கத் தொடங்கியது.

கூட்டத்துக்கு வந்து உன் வாயால் சொல்லு என்று ஸஹீதா கேட்டாள். அவன் மாட்டேன் என்றான்.

"ஊடு பொம்புளையட, ராத்தா. அதுவும் சாலிஹ் காக்கா கத்தார் வெயிலில நிண்டு கட்டின ஊடு. அவர்ர மொகத்துக்கு நேர நிண்டு எனக்குத் தாங்க எண்டு நான் எந்த வாயால கேக்கிற?"

"ஊடு ஒனக்கு வேணாம். புள்ளைகளும் வேணாமா?"

அவன் வலையைச் சுருட்டத் தொடங்கினான். அதைக் கண்டதும் ஸஹீதாவின் கோபம் அவன் மேலும் திரும்பியது. மரியாதை மரியாதை என்று இந்த ஆண்கள் தங்களுடைய மரியாதையைக் காப்பாற்றிக்கொண்டு பிள்ளைகளை நடுத்தெருவில் விடுகிறார்களே என்று வாய்க்கு வந்தபடி திட்டினாள். அவன் தலை குனிந்து கேட்டுக்கொண்டிருந்தான். எதிர்த்து ஒரு வார்த்தை பேசியிருந்தால்கூட அவளுக்கு ஆறியிருக்கும்.

வீட்டுக்குத் திரும்பி வந்தபோது எதிரே அவளுடைய மகளின் வீடு நின்றது. மகள் ஒன்பதாம் வகுப்புத்தான் படிக்கிறாள். ஆனால் வளவின் மறுபக்கத்தில் அவளுக்குச் சுவர் எழும்பி, இரண்டு அறைக்குத் தகரமும் போட்டாகிவிட்டது. ஸஹீதாவின் புருஷன் குவைத்தில் சாரதி வேலை செய்து அனுப்புவதெல்லாம் கல்லாகவும் சீமெந்தாகவும் அங்கேதான் போகிறது. போன மாதம்வரை அந்தச் சுவரைப் பார்த்தால் அவளுக்கு மனம் குளிரும். அன்றைக்குப் பார்க்கப் பிடிக்கவில்லை.

அடுத்த வாரம் நன்னடத்தை அதிகாரி ஜெயந்தன் வந்தார். கொக்கட்டிச்சோலைப் பக்கத்துக்காரர், முப்பது வயதிருக்கும். மோட்டார் சைக்கிளில் வந்த புழுதியோடு உட்கார்ந்தார். சாலிஹும் வந்திருந்தார். நிஸ்றாவும் ஸகியாவும் சாச்சி ஸுஹைனாவோடு வெளியே மர வாங்கில் உட்கார்ந்திருந்தார்கள். ஸியாம் வரவில்லை. அதை ஹாஜியார் எல்லாருக்கும் கேட்கும்படி இரண்டு தரம் சொன்னார்.

முதலில் சாலிஹ் பேசினார். பேசத் தொடங்கியதும் ஸஹீதாவுக்கு அவரைத் திட்ட வைத்திருந்த வார்த்தைகள் பாதியாகிவிட்டன. நாற்பதை எட்டப்போகிற ஆண், இன்னும் கலியாணம் இல்லை, தலைமயிர் பாதி வெள்ளை. இரண்டு தங்கச்சிகளுக்கு வீடு கட்டிவிட்டுத்தான் தனக்குக் கலியாணம் என்று பாலைவனத்தில் இளமை முழுவதையும் கொட்டினார். ஒரு வீட்டோடு முதுகு போய்விட்டது, கத்தாரிலிருந்து திருப்பி அனுப்பிவிட்டார்கள். இனி இன்னொரு வீடு கட்ட உடம்பில் எதுவும் மிச்சமில்லை. ஸுஹைனாவுக்கு வயது ஏறுகிறது. வீடில்லாத பெண்ணை இந்த ஊரில் யார் முடிப்பான்? மௌத்தானவளை நினைத்து இருக்கிறவளைக் கொல்லச் சொல்கிறீர்களா என்று அவர் கேட்டார்.

தாய்க்குச் சீதனமாக எழுதிய வீட்டில் பிள்ளைகளுக்குச் சட்டப்படி உரித்து இருக்கிறது என்று ஜெயந்தன் மெல்லச் சொன்னார். சட்டம் இருக்கட்டும், ஆண் துணையில்லாத பிள்ளைகள் வீட்டை வைத்து என்ன செய்யும், அவர்களின் தகப்பன்தான் கைவிட்டுப் போய்விட்டானே என்றார் ஹாஜியார்.

ஏன் போனார் என்று ஜெயந்தன் கேட்டார். அதிபர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

ஸஹீதா எழும்பியதும் ஜெயந்தன் கையைக் காட்டி நிறுத்தினார். "அக்கா, கொஞ்சம் பொறுங்க. நான் புள்ளையிட்டயே கேக்கிறன்."

நிஸ்றா உள்ளே வந்து தங்கச்சியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அதிகாரி கேட்க வாயெடுக்கும் முன் ஹாஜியார் முந்திக்கொண்டார். வாப்பா உங்களை விட்டுட்டுப் போயிட்டார்தானே மகள், பயப்படாமல் சொல்லுங்கள் என்றார், பதிலைக் கையில் எடுத்துக் கொடுக்கிற மாதிரி.

"இல்ல," என்றாள் நிஸ்றா. "வாப்பா நெதமும் சுபஹு தொழுதுட்டு வாறவர். மீன் தந்துட்டு, கேற்றடியில நிண்டு நாங்க ஸ்கூலுக்கு வெளிக்கிடுறத பாத்துட்டுத்தான் போற. மழைக்கும் வந்த. உள்ளுக்க வாறல்ல."

"ஏன் உள்ளுக்க வாறல்ல?" என்று ஜெயந்தன் கேட்டார்.

அந்தப் பிள்ளை அவரை விளங்காத மாதிரிப் பார்த்தது. இதுகூடத் தெரியாதா என்கிற பார்வை.

"சாச்சி இரிக்கா தானே."

பிள்ளைகளை வெளியே அனுப்பும்வரை ஸஹீதா பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். கதவு சாத்தியதும் அவளால் முடியவில்லை. பதினொரு வயதுப் பிள்ளைக்குத் தெரிந்தது தாடி நரைத்த உங்களுக்குத் தெரியாமல் போனதா என்று தொடங்கினாள். குரல் தெருவுக்குக் கேட்டது. கேட்கட்டும் என்றே பேசினாள். கடைசியில் ஹாஜியாருக்கு நேரே திரும்பினாள்.

"எத்தீம் எண்டு நீங்கதானே சொன்னீங்க ஹாஜியார்? எத்தீம் எண்டா அதுகள்ர சொத்தில கை வைக்கிறது நெருப்பத் தின்னுற மாதிரி எண்டு பள்ளிவாசல்ல பயான் பண்ணுறதும் நீங்கதான். வாப்பா உசிரோட இரிக்கார் எண்டா, புள்ளைகள அவருக்கிட்டக் குடுங்க. ரெண்டில ஒண்டச் சொல்லுங்க. இல்லத்துக்கு அனுப்பக்குள்ள எத்தீம், ஊட்ட எடுக்கக்குள்ள எத்தீம் இல்லையா?"

ஹாஜியாரின் முகம் கறுத்தது. ஆனால் கடை நடத்துகிறவருக்கு வாய் சும்மா நிற்குமா. அப்படியென்றால் சாலிஹின் தங்கச்சி எங்கே போவாள், அதற்கும் பதில் சொல்லுங்கள் என்றார். உங்கள் தங்கச்சி மகனுக்குக் கடைக்கு மேலே இரண்டு அறை சும்மா கிடக்கிறதே, பெண்ணை அங்கே கூட்டிப்போகட்டும் என்றாள் ஸஹீதா. மேசையைச் சுற்றியிருந்தவர்களில் இரண்டு பேர் சிரித்தேவிட்டார்கள். ஆண் வீடு கொடுப்பது எந்த ஊர் வழக்கம் என்று ஹாஜியார் கேட்டார்.

"இந்த வழக்கத்தாலதான் ஒரு வாப்பா கேற்றுக்கு வெளிய நிண்டு மழையில நனையிறார்," என்றாள் அவள்.

"அவ்வளவு எரக்கம் எண்டா, மகளுக்குக் கட்டுற ஊட்டக் குடுங்களன்."

"குடுக்கிறன்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கே உறைத்தது. குவைத்திலிருக்கிற புருஷனின் முகம் கண்ணுக்கு முன்னால் வந்தது. ஆனால் எதிரே ஹாஜியாரும் இருந்தார். அவருக்கு முன்னால் சொன்ன சொல்லைத் திருப்பி விழுங்க அவள் தயாராக இல்லை. அவர்கள் இன்னொரு வழி காணும்வரை அந்த இரண்டு அறையில் சாலிஹும் ஸுஹைனாவும் இருக்கட்டும் என்று மறுபடியும் சொன்னாள், இந்த முறை இன்னும் சத்தமாக.

ஜெயந்தன் 'கைவிட்டுச் சென்றுள்ளார்' என்ற வரியை வெட்டினார். 'தந்தை தற்போது திரும்பி வந்துள்ளார்' என்று போட்டுக்கொள்ளுங்கள், எல்லாருக்கும் மரியாதையாக இருக்கும் என்று அதிபர் சொல்லிப் பார்த்தார். போகாதவன் எப்படித் திரும்பி வருவான் என்று ஸஹீதா பாய்ந்தாள். தந்தை பிள்ளைகளைக் கைவிடவில்லை, தாயின் வீட்டிலேயே தந்தையோடு இருக்கட்டும் என்று எழுதி, முதல் கையெழுத்தை ஜெயந்தன் அவளிடமே வாங்கினார். ஹாஜியாரும் போட்டார். பேனை தாளைக் கிழித்துவிடும் போலிருந்தது.

பின்னேர அஸர் தொழுகைக்கு முன்னமே கலியாணப் பேச்சு முறிந்த செய்தி தெருவுக்கு வந்துவிட்டது. ஸஹீதா புருஷனுக்குத் தொலைபேசி எடுத்தாள். விசயத்தைக் கேட்டதும் அவன், மகளுக்கு என்ன சொல்லப்போகிறாய் என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்தான். அந்தக் கேள்வி நெஞ்சில் முள்ளாகக் கிடக்கும்போதுதான் ஸுஹைனா உடுப்புப் பையோடு வாசலில் வந்து நின்றாள். அழுது வீங்கின முகத்தையும் வசவையும் எதிர்பார்த்து ஸஹீதா தன்னைத் தயார்ப்படுத்திக்கொண்டாள். ஸுஹைனாவின் கண் காய்ந்திருந்தது.

"ஒரு வாரமா உள்ளுக்கயும் வெளியயும் என்னப் பத்தித்தான் கதைச்ச. ஒருத்தரும் என்னட்டக் கேக்கல்ல. நீங்களும் கேக்கல்ல ராத்தா."

ஸஹீதா பையை வாங்கக் கையை நீட்டினாள். ஸுஹைனா கொடுக்கவில்லை.

"அந்தப் புள்ளைகளக் கலைச்சுட்டு வாறவன் எனக்குத் தேவல்ல எண்டு நானே சொல்லத்தான் இரிந்தன். வெளிய வாங்கில இரிந்து சொல்லிப் பாத்துக்கிட்டு இரிந்தன். நீங்க முந்திட்டீங்க." பையை மற்றக் கைக்கு மாற்றினாள். "இண்டைக்கு ராவு காக்கா புள்ளைகளோட இரிந்துட்டு நாளைக்கு வருவார். சாவியத் தாங்க."

அந்தத் தெருவில் பெண்ணொருத்தி பையோடு வீட்டை விட்டுப் போவதை அதற்கு முன் ஒருவரும் கண்டதில்லை. வேலியோரம் நின்று பார்த்தவர்களுக்கு அன்றைக்கு நல்ல தீனி. சாவியைக் கொடுக்கும்போது ஸஹீதாவுக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது. ஊரெல்லாம் வாய் கிழிய நியாயம் கேட்டவள், கதவுக்கு வெளியே வாங்கில் இருந்தவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மறுநாள் விடிய ஜெயந்தனோடு அவள் றுக்ஷானாவின் வீட்டுக்குப் போனாள், பிள்ளைகளைத் தகப்பனிடம் ஒப்படைப்பதைப் பார்த்துக்கொள்ள. வரச் சொல்லி ஸியாமுக்கு ஆள் அனுப்பியிருந்தார்கள். அவன் வந்தான். வழமைபோல ஒரு பையில் இறால். வழமைபோலக் கேற்றடியில் நின்றான்.

"சாச்சி இல்ல வாப்பா. உள்ளுக்க வாங்க," என்றாள் நிஸ்றா.

அவன் அசையவில்லை. செருப்பைக் கேற்றுக்கு வெளியே கழற்றி வைத்தான், விருந்துக்கு வந்தவன் மாதிரி. சின்னவள் ஸகியா இறால் பையைப் பார்க்கவில்லை. அவனுடைய காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கால் கடைசியில் கேற்றைத் தாண்டி உள்ளே வந்தது. வந்ததும் அவள் அவனைச் சுற்றிச் சுற்றி வந்து எதையோ தேடினாள்.

"வாப்பா, ஒங்கட உடுப்புப் பைய எங்க?"

பை வாடியில் இருக்கிறது என்றான். மெய்யாகவே இங்கே இருக்கச் சொல்வார்களா என்று தெரியாமல் கொண்டுவரவில்லையாம். ஸஹீதாவுக்குச் சுள்ளென்று ஏறியது. ஓடிப்போய் இப்போதே எடுத்துக்கொண்டு வா என்று அதட்டினாள். அவன் திரும்பினான்.

நிஸ்றா இறால் பையை ஸஹீதாவின் கையில் திணித்துவிட்டு ஓடிவந்து வாப்பாவின் ஒரு கையைப் பிடித்தாள். மற்றக் கையைச் சின்னவள் பிடித்தாள். போன தடவை தனியாக ஒரு பையோடு போனவரை இந்தத் தடவை தனியாக விட அவர்கள் தயாரில்லை.

"நாங்களும் வாறம்," என்றாள் நிஸ்றா.

மூன்று பேரும் தெருவில் இறங்கினார்கள். வாவிக்கரைக்கு ஒரே வழிதான், ஹாஜியாரின் வீட்டு வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். அவர் அந்த நேரத்தில் முன்வாசலில் கதிரை போட்டுத் தேநீர் குடிப்பார் என்பது ஊருக்கே தெரியும். ஸஹீதா கேற்றைச் சாத்தவில்லை. கையில் இறாலோடு தெருவுக்கு வந்து, அவர் தலை குனிகிறாரா இல்லையா என்று பார்த்துக்கொண்டு நின்றாள்.